இடது தோளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி

1997 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்தரை மணிக்குச் சற்று முன்பு, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், பசிபிக் குரோவ் என்ற சிற்றூரின் கரையிலிருந்து சுமார் 150 கெஜ தூரத்தில், ஒரு சிறிய விமானம் தலைகுப்புறக் கடலில் விழுந்தது. அதை ஓட்டியவர் பாடகர் ஜான் டென்வர். வயது 53. உடன் யாரும் இல்லை. இந்த விபத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "பெட்ரோல் தீர்ந்துபோய் விழுந்தாராம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் விமானத்தில் பெட்ரோல் இருந்தது. இன்ஜினுக்கு ஊட்டிக்கொண்டிருந்த டாங்க் வற்றியபோது, அடுத்த டாங்க்கில், சில நிமிடத் தொலைவில் இருந்த விமான நிலையத்துக்குத் திரும்பத் தாராளமாகப் போதும் அளவுக்கு இருந்தது.

விபத்து விசாரணை அறிக்கைகளை வாசிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். ஆலைப் பராமரிப்பு வேலையில் காலம் தள்ளியவனுக்கு அவை துப்பறியும் கதைகளைவிடச் சுவையானவை. துப்பறியும் கதையில் கடைசியில் ஒரு வில்லன் அகப்படுவான். இங்கே அகப்படுவது ஒரு வால்வு, ஒரு குழாய், அதை அங்கே பொருத்தியவருக்கு இருந்த நியாயம், அதைப் பார்த்தும் "சமாளித்துக்கொள்ளலாம்" என்று நினைத்தவரின் நியாயம். டென்வரின் விபத்தைப் பற்றி அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1999 ஜனவரியில் தந்த முடிவு இந்த வகையில் ஒரு பாடநூல் மாதிரி. அதோடு எனக்குச் சின்ன வழக்கும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு குப்பையை ஒதுக்கிவிடலாம். விபத்து நடந்த சில நாட்களில் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது டென்வரின் குடிப்பழக்கத்தை. குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்குகள் அவர்மேல் இருந்தன. அதன் தொடர்ச்சியாக விமானிக்குரிய மருத்துவச் சான்றிதழும் செல்லாததாகிவிட்டது. அன்று அவர் பறந்திருக்கவே கூடாது என்பது சட்டப்படி உண்மை. ஆனால் உடற்கூறாய்வில் மதுவும் இல்லை, போதைப்பொருளும் இல்லை. சான்றிதழ் கையில் இருந்திருந்தாலும் விமானம் விழுந்தேதான் இருக்கும். பரபரப்பான செய்தி ஒன்று கிடைத்தவுடன் மந்தமான உண்மையைத் தேடுவதை எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். இந்த விபத்தின் மந்தமான உண்மையோ ஒரு குழாய்க் கைப்பிடியில் இருந்தது.

டென்வர் கத்துக்குட்டி விமானி இல்லை. அவருடைய தந்தை அமெரிக்க விமானப்படை அதிகாரி. பி-58 என்ற குண்டுவீச்சு விமானத்தில் 1961-இல் உலக வேகச் சாதனைகள் படைத்தவர். மகனுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். விபத்து நாளில் டென்வரின் கணக்கில் 2,700 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பறத்தல் அனுபவம் இருந்தது. ஆனால் இந்த விமானத்தை அவர் வாங்கியே ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. முந்தைய நாள் சான்டா மரியாவில், அந்த ரகத்தை அறிந்த ஒரு விமானியுடன் சுமார் அரை மணி நேரம் பறந்து பழகினார். பிறகு தானே மான்டரேவுக்கு ஓட்டிவந்தார். அவ்வளவுதான் அறிமுகம்.

விமானத்தின் பெயர் லாங்-ஈசி. பர்ட் ரூட்டான் வடிவமைத்தது. 1979-இல் முதலில் பறந்தது. விமானத்தைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் படத்தைத் திருப்பிப்போட்டது போன்ற உருவம். இன்ஜினும் விசிறியும் பின்னால். வாலில் இருக்க வேண்டிய சின்னச் சிறகு முன்னால். பெரிய இறக்கைகளின் நுனிகள் மேல்நோக்கி மடங்கியிருக்கும்; சுக்கான்கள் அந்த நுனிகளில். இருவர் ஒருவர்பின் ஒருவராக அமரலாம். இந்த அமைப்பு அழகுக்காகச் செய்ததில்லை. வேகம் குறைந்து இறக்கைகள் தூக்குவிசையை இழப்பதுதான் சிறு விமானங்களின் பழைய எமன். ரூட்டானின் அமைப்பில் முன்சிறகு முதலில் தளரும், மூக்கு தானாகத் தாழும், வேகம் மீளும். விமானியின் பிழையை மன்னிக்கும் விமானம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதரின் வேலை இது. அதை மறந்துவிடக் கூடாது.

லாங்-ஈசியை யாரும் கடையில் வாங்க முடியாது. ரூட்டான் விற்றது வரைபடங்களை மட்டுமே. வாங்கியவர் தன் வீட்டுக் கொட்டகையில் நுரைக்கட்டிகளை அறுத்து, கண்ணாடியிழைத் துணி போர்த்தி, பிசின் பூசி, மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ உழைத்துக் கட்ட வேண்டும். வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காகக் கட்டுபவர்களே செய்திருந்தால் அமெரிக்கச் சட்டம் அதைச் 'சோதனை விமானம்' என்ற பிரிவில் சேர்த்துக்கொள்ளும். தொழிற்சாலை விமானங்களுக்கான வடிவமைப்பு விதிகள் அதைக் கட்டுப்படுத்தாது. வரைபடத்திலிருந்து விலகவும் கட்டுபவருக்கு உரிமை உண்டு. டென்வர் வாங்கிய விமானத்தைக் கட்டியவர் அந்த உரிமையை ஓரிடத்தில் பயன்படுத்தியிருந்தார்.

இந்த மாதிரி விமானங்களில் பெட்ரோல் இரண்டு பக்கமும், இறக்கை உடலோடு சேரும் இடத்தில், தனித்தனி டாங்க்குகளில் இருக்கும். உயரத்தில் இறக்கை வைத்த சில விமானங்களில் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் பெட்ரோல் தானாக வடிந்து வரும். இறக்கை தாழ்வாக இருந்தால் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். இரண்டு குழாய்களையும் திறந்துவைத்து, ஒரு டாங்க் காலியானால், பம்ப் அதிலிருந்து காற்றை இழுத்துவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு டாங்க்தான். மாற்றுவதற்கு ஒரு கைப்பிடி. வலது, இடது, மூடல். பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது கைவந்த கலை. வண்டி இருமும், ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கையைத் தொடைக்குக் கீழே விட்டு, டாங்க்கின் அடியில் இருக்கும் திருகியை ரிசர்வுக்குத் தள்ளுவோம், கண் சாலையை விட்டு விலகாது. அந்தத் திருகியைப் பின்சீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள்.

ரூட்டானின் வரைபடத்தில் கைப்பிடி விமானியின் கால்களுக்கு நடுவே, கண்ணுக்கெதிரே இருந்தது. இந்த விமானத்தைக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால், இருக்கைக்குப் பின்புறச் சுவரில் பொருத்தியிருந்தார். காரணம் சோம்பல் இல்லை. பெட்ரோல் குழாய்கள் விமானி அமரும் இடத்துக்குள் ஓடுவதை அவர் விரும்பவில்லை. கசிவு, தீ. யோசித்தால் அது அறிவுள்ள அச்சம்தான். ஆலைகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்: ஓர் ஆபத்தை விலக்குவதற்காக வால்வை நகர்த்துவார்கள், நகர்த்திய இடத்தில் வேறோர் ஆபத்து உட்கார்ந்திருக்கும். முதல் ஆபத்தைப் பற்றிக் கூட்டத்தில் பேசியிருப்பார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச ஆள் இருந்திருக்காது.

அதோடு போகவில்லை. கைப்பிடியில் எந்த நிலை எந்த டாங்க் என்று எழுதியிருக்கவில்லை. கைப்பிடி காட்டும் திசைக்கும் டாங்க் இருக்கும் திசைக்கும் பொருத்தமும் இல்லை. பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்கள் பின்னிருக்கையின் பக்கச் சுவர்களில் இருந்தன. கோடுகளோ எண்களோ கிடையாது. போதாதற்கு, சுக்கான்களைத் திருப்பும் கால்மிதிகள் டென்வருக்குச் சரியாக எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் மெத்தை வைத்துக்கொண்டுதான் ஓட்டினார். மெத்தை அவரை முன்னுக்குத் தள்ளியது. அதே அளவு தூரம் கைப்பிடி பின்னுக்குப் போனது.

இனி வருவது நான் இந்த அறிக்கையில் திரும்பத் திரும்பப் படித்த பகுதி. விபத்து நாளன்று, புறப்படுவதற்கு முன், விமானக் கொட்டகையில் டென்வரும் ஒரு பராமரிப்புப் பணியாளரும் இந்தக் கைப்பிடியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எட்டவில்லை என்று தெரிந்தது. கவ்விப் பூட்டிக்கொள்ளும் வைஸ்-கிரிப் குறடு ஒன்றைக் கைப்பிடியில் மாட்டி நீளம் கூட்ட முடியுமா என்று முயன்று பார்த்தார்கள். சரிப்படவில்லை. அப்படியானால் பறக்கும்போது ஆட்டோ பைலட்டைப் போட்டு விமானத்தை நேராக நிறுத்திவிட்டு, திரும்பி மாற்றிக்கொள்கிறேன் என்றார் டென்வர். அளவுக் குழாய்கள் தெரியவில்லையே என்றபோது பணியாளர் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்தார். தோளுக்கு மேலாகப் பிடித்துப் பின்னால் பார்ப்பதற்கு. குழாய்களில் தெரிந்தது: வலது டாங்க்கில் பாதிக்கும் குறைவு, இடதில் கால்வாசிக்கும் குறைவு. பெட்ரோல் நிரப்பட்டுமா என்ற பேச்சு வந்தது. ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றுவிட்டார்.

யாரும் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 'பெட்ரோல் தீர்ந்து' என்ற சொற்களைக் கேட்டவுடன் ஒரு கவனக்குறைவான ஆளைத்தான் நாம் மனத்தில் வரைகிறோம். இங்கே இருவர் நின்று, குறையைக் கண்டு, கருவி எடுத்துச் சரிசெய்ய முயன்று, முடியாதபோது மாற்று வழியும் யோசித்திருக்கிறார்கள். அந்த மாற்று வழியில் தவறும் இல்லை, ஒரு நிபந்தனையோடு: விமானம் மூவாயிரம் நாலாயிரம் அடியில் நேராகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். இன்ஜின் நின்றாலும் அங்கே நிமிடக் கணக்கில் அவகாசம் உண்டு. உயரம் என்பது விமானிக்கு நேரம். இந்தத் திட்டம் எந்த உயரம்வரை செல்லும் என்பதை மட்டும் அந்தக் கொட்டகையில் யாரும் கேட்கவில்லை.

மாலை 5:12 வாக்கில் மான்டரே விமான நிலையத்திலிருந்து கிளம்பினார். ஓடுபாதையைத் தொட்டு உடனே மேலெழும் பயிற்சியை மூன்று முறை செய்தார். புது விமானத்தோடு கை பழக அதுதான் முறை. பிறகு மேற்கே, கடற்கரையோரமாகத் திரும்பினார். கரையில் இருந்தவர்கள் சுமார் 500 அடி உயரத்தில், சிலர் கணிப்பில் அதற்கும் கீழே, விமானத்தைப் பார்த்தார்கள். வெடிப்பது போன்ற ஒரு சிறு சத்தம். இன்ஜின் ஒலி அடங்கியது. மூக்கு குத்தி இறங்கியது. நேரம் 5:28. கிளம்பிப் பதினாறு நிமிடம்.

500 அடி என்பது எவ்வளவு நேரம்? இன்ஜின் நின்ற சிறு விமானம் ஒழுங்காக மிதந்து இறங்கினாலும், அரை நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் தோள்வாரைத் தளர்த்தி, உடலை இடப்பக்கம் முழுதாகத் திருப்பி, கையைப் பின்னால் விட்டு, எழுத்தில்லாத ஒரு கைப்பிடியைத் தடவிப் பிடித்து, சரியான திசையில் திருப்பி, இன்ஜின் மீண்டும் பற்றுவதற்குக் காத்திருக்க வேண்டும்.

விசாரணையாளர்கள் அதே மாதிரி விமானத்தில் அமர்ந்து இதைச் செய்து பார்த்தார்கள். உடம்பை இடப்பக்கமாகப் பின்னுக்குத் திருப்பும்போதெல்லாம், உந்திக்கொள்வதற்காக, வலது கால் தானாக நீண்டு வலது சுக்கான் மிதியை அழுத்தியது. நாற்காலியில் உட்கார்ந்து நானும் செய்து பார்த்தேன். கால் அப்படித்தான் போகிறது. லாங்-ஈசியில் இரண்டு மிதிகளும் ஒன்றோடொன்று இணைந்தவை இல்லை. வலது மிதியை அழுத்தினால் வலது இறக்கை நுனியின் சுக்கான் மட்டும் வெளியே மடங்கும். இடது கால் அதை உணராது. விமானம் வலப்பக்கம் திரும்பிச் சாயும், மூக்கு விழும். ஓட்டுபவர் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பார். கடலடியிலிருந்து எடுத்த வால்வு, இரண்டு டாங்க் நிலைகளுக்கும் இடையில் நின்றிருந்தது. அவருடைய கை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

ஆக, பெட்ரோல் இல்லாததால் விமானம் விழவில்லை. இன்ஜின் நின்ற விமானம் மிதக்கும். கடலில் இறங்கி, கரைக்கு நீந்தக்கூட வாய்ப்பு உண்டு. பெட்ரோலை எடுக்கப் போனதால்தான் விழுந்தது.

இப்போது என் வழக்கு. வாரியம் தன் முடிவை இரண்டு அடுக்காக எழுதியது. 'காரணம்' என்ற மேலடுக்கில், கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது விமானியின் கவனம் சிதறியதையும், தன்னையறியாமல் வலது சுக்கானை மிதித்ததையும், பெட்ரோல் நிரப்பாமல் கிளம்பியதையும் வைத்தது. 'துணைக் காரணிகள்' என்ற கீழடுக்கில் கைப்பிடியின் இடம், எழுத்தில்லாத அளவுக் குழாய்கள், இந்த ரகத்தில் பயிற்சியும் அனுபவமும் போதாமை ஆகியவற்றை வைத்தது. ஒவ்வொரு சொல்லும் சரி. அடுக்கிய வரிசைதான் எனக்கு ஒப்பவில்லை.

நிரப்பாமல் போனதை மேலே வைத்ததில் நியாயம் இருக்கிறது. கைப்பிடி எட்டாது என்று தெரிந்தவருக்கு மிகச் சுலபமான தீர்வு டாங்க்கை நிரப்புவதுதான். நிரம்பிய டாங்க் இருந்தால் அன்று அந்தக் கைப்பிடியைத் தொடவே வேண்டியிருக்காது. கொட்டகையில் பேசிய அத்தனை வழிகளையும்விட மலிவான வழி அது. அதில் டென்வருக்கு நான் சலுகை தர மாட்டேன். ஆனால் "தன்னையறியாமல் மிதித்தது" எப்படிக் காரணமாகும்? அமர்ந்து பார்த்தவர்கள் எல்லோருடைய காலும் அப்படித்தானே போனது? எல்லோருக்கும் நேர்வது ஒருவருடைய தவறாக முடியாது. அது கைப்பிடியின் இடத்தோடு கூடவே வருவது. இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்க வேண்டும். தனித்தனி அடுக்கில் போட்டதால், அடுத்த கொட்டகையில் அடுத்த விமானத்தைக் கட்டுபவர் அறிக்கையின் முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டு, "நான் பெட்ரோல் போட்டுக்கொள்வேன்" என்று ஆறுதலாகப் போய்விடலாம்.

ரூட்டானின் இன்னொரு விமானத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வாயேஜர். 1986 டிசம்பரில் அவருடைய அண்ணன் டிக் ரூட்டானும் ஜீனா யேகரும், நடுவே எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றிவந்த விமானம். கிளம்பும்போது 7,000 பவுண்டுக்கு மேல் இருந்த பெட்ரோலில், இறங்கியபோது மிச்சம் ஏறத்தாழ 100 பவுண்டு. அதிலும் கடைசி இரவில், மெக்சிகோவின் கரைக்கு அப்பால், பம்ப் கோளாறால் பெட்ரோல் போய்ச்சேராமல் ஓடிக்கொண்டிருந்த ஒரே இன்ஜின் நின்றது. இருட்டில் பல ஆயிரம் அடி சறுக்கினார்கள். அணைத்துவைத்திருந்த முன் இன்ஜினைக் கிளப்பி மீண்டார்கள். டாங்க்கில் பெட்ரோல் இருந்தும் இன்ஜினுக்கு வராத அதே கதைதான். அவர்களிடம் சறுக்குவதற்கு உயரம் இருந்தது.

இப்படி நடப்பது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2011 முதல் 2015 வரை எரிபொருள் நிர்வாகத் தவறால் ஆண்டுக்குச் சராசரியாக ஐம்பதுக்கும் மேற்பட்ட விபத்துகள் என்று அதே வாரியம் 2017-இல் எச்சரித்தது. 56 விழுக்காடு உண்மையிலேயே சொட்டுக்கூட மிச்சமில்லாமல் நடந்தவை. 35 விழுக்காடு, டென்வருக்கு நேர்ந்தது போல, எங்கோ இருந்தும் இன்ஜினுக்குப் போகாமல் நடந்தவை. ஓட்டியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தொழில்முறை உரிமம் வைத்திருந்தவர்கள். மாணவர்கள் வெகு சொற்பம்.

2013 நவம்பர் 29 இரவு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு மது விடுதியின் கூரைமேல் போலீஸ் ஹெலிகாப்டர் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அதன் பிரதான டாங்க்கில் 76 கிலோ எரிபொருள் இருந்தது. அங்கிருந்து இன்ஜின்களுக்கு ஊட்டும் சிறு டாங்க்குகளுக்கு அனுப்பும் பம்புகள் அணைந்திருந்தன. இத்தனைக்கும் அது வீட்டுக் கொட்டகையில் கட்டியதில்லை. புகழ்பெற்ற தொழிற்சாலையின் தயாரிப்பு, இரண்டு இன்ஜின், எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் உண்டு.

ஆகவே வீட்டில் விமானம் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். ரூட்டானைப் போன்ற ஒருவர் முளைப்பதற்கே அந்தச் சுதந்திரம் வேண்டும். டென்வர் விபத்துக்குப் பின் வாரியமும் தடை கேட்கவில்லை. இத்தகைய விமானங்களுக்குச் சான்று தருமுன் முக்கியக் கட்டுப்பாடுகளிலும் அளவுமானிகளிலும் எழுத்தும் குறியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், புது ரகத்துக்கு மாறும் விமானிகளுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்ற திசையில் பரிந்துரைத்தது.

என்னைக் கேட்டால் இன்னொன்று சேர்ப்பேன். அதை நான் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. தொழிற்சாலையில் தயாரான சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் அது ஏற்கெனவே இருந்தது: இருக்கை எந்த நிலையில் இருந்தாலும், இருக்கையையோ முதன்மைக் கட்டுப்பாடுகளையோ நகர்த்தாமல், எரிபொருள் மாற்றும் கைப்பிடியை விமானி பார்க்கவும் எட்டவும் முடிய வேண்டும். சோதனை விமானங்களை அந்த விதி கட்டுப்படுத்தாது என்பதால் டென்வரின் விமானத்தில் அப்படி உட்கார்ந்து பார்க்கச் சொல்லி யாரையும் யாரும் வற்புறுத்தவில்லை. சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்: ஓட்டப்போகிறவரையே அமரவைத்து, அவருடைய மெத்தையோடு, தோள்வாரைப் பூட்டி, கைப்பிடியைத் தொடச் சொல்வது.